கண்டக்டர் இல்லாத பஸ்: சிரஸ் எஸ்.ஆர்.22, ஒத்த ஆளா ஓட்டுறவனோட ரிவ்யூ

எங்கம்மாகிட்ட நான் இங்க பிளேன் ஓட்டக் கத்துக்கிட்டேன்னு சொன்னப்போ அவங்க கேட்ட மொத கேள்வி, பக்கத்துல யாருடா இருப்பான்னுதான். யாரும் இல்லம்மா, நான் மட்டும்தான்னேன். கொஞ்ச நேரம் போன்ல சத்தமே இல்ல. அப்புறம் "நம்ம ஊர் டவுன் பஸ்ஸுக்கே டிரைவர் ஒருத்தன் கண்டக்டர் ஒருத்தன் போடுறான், ஆகாசத்துல போறதுக்கு ஒத்த ஆளா?"ன்னு கேட்டுட்டு போனை அப்பா கையில குடுத்துட்டாங்க.

அன்னிக்கு சிரிச்சுட்டேன். இப்போ சிரஸ் கம்பெனியோட எஸ்.ஆர்.22-ங்குற ஒத்த எஞ்சின் சின்ன பிளேன்ல 90 மணி நேரம் ஓட்டின பிறகு, அம்மா கேட்ட அந்தக் கேள்விய விட்டுட்டு இந்த பிளேனப் பத்தி பேச முடியாதுன்னு தோணுது. ஸ்பீடு எவ்ளோ, சீட்டு எப்படின்னு படிக்க வந்தவங்க கோச்சுக்காதீங்க, அதுவும் கொஞ்சம் வரும். ஆனா மெயினா நான் பாக்கப்போறது, கண்டக்டர் இல்லாம ஓட்டுறவனுக்கு இந்த பிளேன் எவ்ளோ தூரம் கண்டக்டரா நிக்குதுங்குறத மட்டும்தான்.

என்னப் பத்தி ரெண்டு வரி. டல்லஸ் பக்கம் இருக்கேன், பொழப்பு சாஃப்ட்வேர், லைசென்ஸ் எடுத்தது செஸ்னா 172-ங்குற சின்ன பயிற்சி பிளேன்ல, மொத்தம் 260 மணி நேரம் சொச்சம். எஸ்.ஆர்.22 சொந்தமெல்லாம் கிடையாது, புதுசு ஒண்ணு மில்லியன் டாலரத் தாண்டி நிக்குது, நமக்கு எங்க. ஒரு கிளப்புல சேந்து மணிக்கு 370 டாலர்னு பெட்ரோலோட சேத்து வாடகைக்கு எடுக்குறேன், 2014 மாடல். கிளப் பேர் வேண்டாம், அவங்களுக்கு இந்தக் கதையில வேலை இல்ல, தப்பு பண்ணதெல்லாம் நான்தான்.

நல்லத மொதல்ல சொல்லிடுறேன். 172-ல இருந்து இதுல ஏறுறது அம்பாசடர்ல இருந்து இறங்கி பிஎம்டபிள்யூல உக்காந்த மாதிரி. 310 குதிரைசக்தி கான்டினென்டல் எஞ்சின், அசால்ட்டா 170 நாட் (மணிக்கு சுமார் 315 கிலோமீட்டர்) போகும், கால்களுக்கு நடுவுல ஸ்டீரிங் இல்லாம இடது கைப்பக்கம் ஒரு சின்ன ஹேண்டில், எதுத்தாப்ல ரெண்டு பெரிய ஸ்க்ரீன். டல்லஸ்ல இருந்து பியர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்கு கார்ல போனா நாலரை மணி நேரம், ஹூஸ்டன் டிராஃபிக் புடிச்சா அஞ்சு. இதுல ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரம். காலைல இட்லி சாப்ட்டு கிளம்பினா தரிசனம் முடிச்சு கேன்டீன்ல புளியோதரை சாப்ட்டுட்டு சாயங்காலம் வீட்ல இருக்கலாம். பிரச்சனையே அந்த "சாயங்காலம் வீட்ல இருக்கலாம்"ல தான் ஆரம்பிக்குது, அதுக்கு அப்புறம் வரேன்.

இந்த ஸ்பீடுக்கு ஒரு விலை உண்டு. 172-ல நீங்க கொஞ்சம் மந்தமா இருந்தாலும் அது உங்களுக்காக வெயிட் பண்ணும். இது பண்ணாது. ஒரு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட மூணு நாட்டிக்கல் மைல் ஓடிடுது, ரேடியோல ஏடிசி (தரைல இருந்து பிளேன்களுக்கு வழி சொல்றவங்க) சொன்னத எழுதி, பிரீக்வென்சி மாத்தி, செக்லிஸ்ட் எடுத்து நிமிந்து பாத்தா ஏர்போர்ட் மூக்குக்கு முன்னாடி நிக்கும், நாம இன்னும் வேகத்தக் குறைக்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டோம். ஏர்லைன்ஸ்ல இதே வேலைய ரெண்டு பேரு பங்கு போட்டுக்குறாங்க, ஒருத்தர் ஓட்ட ஒருத்தர் ரேடியோ பாக்கன்னு. இங்க ரெண்டும் நாமதான், கூடவே ஏர்ஹோஸ்டஸும் நாமதான்.

பெட்ரோல் டேங்க் விஷயம் ஒண்ணு, யாரும் ரிவ்யூல எழுத மாட்டாங்க. 172-ல ரெண்டு டேங்குல இருந்தும் சேத்து எடுக்குற மாதிரி வால்வ வச்சுட்டு மறந்துடலாம். எஸ்.ஆர்.22-ல அந்த வசதியே இல்ல, இடது இல்லன்னா வலது, அவ்ளோதான். 92 கேலன் உள்ள இருந்தாலும் நீங்க மாத்த மறந்தா ஒரு பக்கம் காலியாகி எஞ்சின் நிக்கும், இன்னொரு பக்கம் ஃபுல்லா இருக்கும். ரெண்டு பக்கமும் ரொம்ப வித்தியாசம் வந்தா ஸ்க்ரீன்ல எச்சரிக்கை வருது, அது சரி. வால்வும் ரெண்டு சீட்டுக்கும் நடுவுல கையெட்டுற இடத்துல இருக்கு, அதுதான் பெரிய விஷயம். ஏன்னா பாடகர் ஜான் டென்வர் செத்தது இந்த மாதிரி ஒரு வால்வாலதான். 1997 அக்டோபர் 12, கலிஃபோர்னியா மான்டரே பக்கம், அவர் ஓட்டினது லாங்-ஈசின்னு யாரோ வீட்ல கட்டின பிளேன், அதுல வால்வு பைலட்டோட இடது தோளுக்குப் பின்னாடி. கிளம்புறதுக்கு முன்னாடியே அது எட்டலன்னு பேசியிருக்காங்க, ஒரு பிளையர மாட்டி நீட்டிக்கூட பாத்திருக்காங்க, சரிப்படல. பெட்ரோலும் போட்டுக்கல, ஒரு மணி நேரம்தானேன்னு. மேல போனப்புறம் திரும்பி அந்த வால்வத் திருகப் போனப்போ கால் வலது ரடர (மூக்க இடம் வலமா திருப்புற பெடல) மிதிச்சு கன்ட்ரோல் போயிடுச்சுங்குறதுதான் அமெரிக்காவுல விபத்துகள விசாரிக்குற என்.டி.எஸ்.பி. சொன்ன காரணம். பக்கத்துல ஒரு ஆள் இருந்து "நீ நேரா பாரு, நான் திருகுறேன்"னு சொல்லியிருந்தா? அவ்ளோ சின்ன வேலை அது. நான் இப்போ போன்ல அரை மணிக்கு ஒரு அலாரம் வச்சிருக்கேன், அடிச்சா டேங்க் மாத்தணும். அலாரம் டோன் பஸ் விசில்தான், நெசமா.

இனி பாராசூட். எல்லாரும் கேக்குறது இதைத்தான். ஆமா, முழு பிளேனுக்கும் சேத்து ஒரு பாராசூட் இருக்கு, கேப்ஸ்னு பேரு. தலைக்கு மேல கூரைல ஒரு மூடி, உள்ள சிவப்பு கைப்பிடி, அத ரெண்டு கையாலயும் கீழ இழுக்கணும், 20 கிலோ தூக்குற அளவுக்கு பலம் வேணும், பின்னாடி இருந்து ஒரு ராக்கெட் பாராசூட்ட இழுத்துக்கிட்டு போகும். பிளேன் நிமிஷத்துக்கு சுமார் 1700 அடி வேகத்துல இறங்கும். கேக்க பயமா இருக்கும், ஆனா கணக்கு போட்டா 12, 13 அடி உயரத்துல இருந்து பொத்துன்னு விழுற வேகம்தான், சீட்டும் சக்கரமும் அந்த அடிய வாங்குற மாதிரி பண்ணியிருக்காங்க. பிளேன் மிச்சம் இருக்காது, நீங்க இருப்பீங்க. கம்பெனி ஆரம்பிச்ச அண்ணன் தம்பில அண்ணன், ஆலன் கிளாப்மயர், 1985-ல நடுவானத்துல இன்னொரு பிளேனோட மோதி தப்பிச்சவர், அந்த இன்னொரு பிளேனோட பைலட் செத்துட்டார், அதுல இருந்து வந்த யோசனை இது. எஸ்.ஆர்.22 மாதிரி சர்டிஃபிகேட் வாங்கின பிளேன்ல மொதல் தடவையா இத இழுத்தது எங்க ஊர்ப்பக்கம்தான், 2002 அக்டோபர் 3, லூயிஸ்வில். மெயின்டனன்ஸ் முடிஞ்சு எடுத்துட்டுப் போன பிளேன்ல றெக்கைல இருந்து ஏலரான் (பிளேன இடம் வலமா சாய்க்குற பலகை) கழண்டு தொங்க, ஒத்த ஆளா இருந்த பைலட் இழுத்து அடி இல்லாம நடந்து வந்தார். அந்த வழியா கார்ல போறப்போ எல்லாம் வீட்டம்மாகிட்ட காட்டுவேன், அவங்களும் பத்தாவது தடவையா முதல் தடவை கேக்குற மாதிரி கேப்பாங்க.

ஆனா இதுல ஒரு விஷயம் இருக்கு. பாராசூட் இருந்தும் ஆரம்ப வருஷங்கள்ல இந்த பிளேனோட விபத்துக் கணக்கு நல்லாவே இல்ல. காரணம், பாராசூட் வேலை செய்யலன்னு இல்ல, பல பேர் இழுக்கவே இல்ல. கைப்பிடி தலைக்கு மேல ஒரு முழத்துல இருக்கு, ஓட்டுறவன் "இன்னும் கொஞ்சம் பாப்போம், சமாளிச்சுடலாம்"னு கடைசி வரைக்கும் ஹேண்டில விடாம புடிச்சிருக்கான். அப்புறம்தான் கம்பெனியும் ஓனர்ஸ் சங்கமும் சேந்து பயிற்சிய அடியோட மாத்தினாங்க, சந்தேகம் வந்தா இழு, சீக்கிரம் இழு, பிளேன் இன்சூரன்ஸ்காரனுதுன்னு. கணக்கு அதுக்கப்புறம்தான் நல்லா இறங்குச்சு, இதுவரைக்கும் 100 தடவைக்கு மேல இழுத்திருக்காங்க.

என் இன்ஸ்ட்ரக்டர் ஒரு பெரியவர், ஏர்ஃபோர்ஸ்ல இருந்தவர், மொத நாளே எஞ்சின ஆன் பண்ண விடல. அரை மணி நேரம் சும்மா உக்கார வச்சு கூரையத் தொட வச்சார். கண்ண மூடு, தொடு, கைய எடு, மறுபடி. மேல ஏறுறப்போ 600 அடி தாண்டினதும் "கேப்ஸ்"னு வாய் விட்டு கத்தணும், 2000 அடிக்குக் கீழ எஞ்சின் நின்னா யோசிக்கக்கூடாது, இழுக்கணும். அதுக்கு மேலன்னா யோசிக்க நேரம் இருக்கு. எனக்கு கூச்சமா இருந்துச்சு, காலியான காக்பிட்ல யாருக்கு கத்துறதுன்னு. "யூ ஆர் த க்ரூ"ன்னார். இப்போ எல்லாத்தையும் கத்துறேன், தமிழ்லயே, "டேங்க் இடது, பம்ப் ஆன், பின்ன எடுத்தாச்சு, ரைட் ரைட்". அந்தப் பின் முக்கியம், பாராசூட் கைப்பிடில ஒரு பின் குத்தி வச்சிருப்பாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி எடுக்கணும், மறந்தா ஆத்திர அவசரத்துக்கு இழுக்க முடியாது.

இப்போ அந்த சாயங்காலத்துக்கு வரேன்.

போன வருஷம் நவம்பர், ஞாயித்துக்கிழமை, பியர்லாண்ட்ல இருந்து திரும்புறேன். வீட்டம்மா வரல, நான் மட்டும். கோயில்ல தெரிஞ்சவங்களப் பாத்து பேசி நேரம் ஓடி, கிளம்புறப்போ இருட்டிடுச்சு. அப்போ எனக்கு மேகத்துக்குள்ள ஓட்டுற இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் கிடையாது, வெளிய பாத்து ஓட்டுற லைசென்ஸ் மட்டும்தான். வெதர்ல மேகம் 3000 அடில இருக்குன்னு போட்டிருந்தான், 2500-ல போயிடலாம்னு கணக்கு. திங்கக்கிழமை காலைல 9 மணிக்கு ரிலீஸ் மீட்டிங். பாத்தீங்களா, மேகத்தோட உயரத்தையும் மேனேஜரோட மூஞ்சியையும் ஒரே தராசுல வச்சு பாத்திருக்கேன்.

ஹூஸ்டனுக்கு வடக்க கான்ரோங்குற ஊரத் தாண்டினா சாம் ஹூஸ்டன் காடு, கீழ ஒரு லைட் கிடையாது, மேலயும் நட்சத்திரம் இல்ல. ராத்திரி மேகம் வர்றது கண்ணுக்குத் தெரியாதுன்னு புத்தகத்துல படிச்சிருக்கேன், எப்படித் தெரிஞ்சுதுன்னா றெக்கை நுனில அடிக்குற ஸ்ட்ரோப் லைட் திடீர்னு சுத்தி எல்லாத்தையும் வெள்ளையாக்குச்சு, பளிச், பளிச்னு, டியூப்லைட் எரிய மாட்டாம மின்னுற ரூமுக்குள்ள மாட்டின மாதிரி. ஒரு நாலஞ்சு விநாடி இது என்னன்னே புரியல. உடம்பு வலது பக்கம் சாயுறோம்னு சொல்லுது, ஸ்க்ரீன் இடது பக்கம் சாயுறோம்னு காட்டுது, சத்தியமா சொல்றேன், ஸ்க்ரீன்தான் ரிப்பேர்னு நெனச்சேன். அவ்ளோ உறுதியா உடம்பு பொய் சொல்லும்.

இல்லினாய் யூனிவர்சிட்டில 1954-ல 20 பைலட்ட வச்சு இதையே சோதிச்சு பாத்திருக்காங்க, வெளிய பாத்து மட்டும் ஓட்டத் தெரிஞ்சவங்க. 20 பேருமே கன்ட்ரோல விட்டாங்க, ஒருத்தர் 20 விநாடில, ரொம்ப தாக்குப்புடிச்சவர் 480 விநாடி, சராசரி 178. மூணு நிமிஷம் கூட இல்ல. ஜான் எஃப். கென்னடி ஜூனியர் 1999 ஜூலை 16 ராத்திரி மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் போறப்போ கடல் மேல மூடுபனில மாட்டினதும் இதேதான், கூட மனைவியும் மச்சினியும். ஒரு இன்ஸ்ட்ரக்டர் நான் கூட வரட்டுமான்னு கேட்டிருக்கார், இல்ல தனியாவே போறேன்னு சொல்லியிருக்கார். அந்த பிளேன்லயும் ஆட்டோபைலட் இருந்துச்சு.

நான் இன்னிக்கு இத டைப் பண்ணிட்டு இருக்கக் காரணம் ஒரு நீல பட்டன். எல்.வி.எல்.-னு போட்டிருக்கும், லெவல்னு அர்த்தம், அமுக்கினா ஆட்டோபைலட் றெக்கைய நேராக்கி ஏத்தம் இறக்கம் இல்லாம புடிச்சுக்கும். பெரியவர் கூரைய எப்படித் தொட வச்சாரோ அதே மாதிரி இதையும் 50 தடவை கண்ண மூடித் தொட வச்சிருந்தார், யோசிக்காம கை போயிடுச்சு. பிளேன் ஒரு குலுக்கு குலுக்கி நேரா நின்னுச்சு. ஹேண்டில விட்டுட்டு ரெண்டு கையையும் தொடை மேல வச்சுக்கிட்டேன், அது ஒரு நடுக்கம். அப்புறம் ஹெடிங் குமிழத் திருகி வந்த வழிக்கே திருப்பி, ஏடிசிகிட்ட மேகத்துல மாட்டிட்டேன்னு வெக்கத்த விட்டு சொல்லி, அந்தம்மா நிதானமா வழி சொல்ல கான்ரோல இறங்கி, 90 டாலர் மோட்டல்ல தூங்காம படுத்திருந்தேன். மீட்டிங்க போன்ல அட்டென்ட் பண்ணேன், ரிலீஸ் எப்படியும் தள்ளித்தான் போச்சு.

சோ பட்டனுக்கு பத்துக்கு பத்து. ஆனா கவனிங்க, பட்டனும் சரி பாராசூட்டும் சரி, அமுக்குறதுக்கு ஒருத்தன் முழிச்சிருக்கணும், அதுவும் தான் தப்பு பண்ணிட்டோம்னு ஒத்துக்குறவனா இருக்கணும். கண்டக்டர் அப்டி இல்ல, நீங்க ஒத்துக்கலன்னாலும் விசில் அடிப்பான்.

முழிச்சிருக்கணும்னு சொன்னேன்ல, கார்பன் மோனாக்சைடு. கால்பந்து வீரர் எமிலியானோ சாலா 2019 ஜனவரி 21 ராத்திரி ஒத்த எஞ்சின் பைப்பர் மலிபுல இங்கிலீஷ் கால்வாய்ல விழுந்தாரே, அவர் ரத்தத்துல இருந்த ஹீமோகுளோபின்ல 58 சதவீதத்துல அதுதான் ஒட்டியிருந்துச்சு, எஞ்சின் புகை கேபினுக்குள்ள வந்திருக்கு. வாசனையும் கிடையாது, தலைவலி, தூக்கக் கலக்கம், அவ்ளோதான். பக்கத்துல ஆள் இருந்தாலும் ரெண்டு பேரும் சேந்துதான் மயங்குவாங்க, இதுக்கு கண்டக்டரும் உதவ மாட்டான். என்ன பிளேன் ஓட்டினாலும் நூத்தம்பது இருநூறு டாலர் போட்டு சத்தம் போடுற டிடெக்டர் ஒண்ணு வாங்கி சட்டைல மாட்டிக்கோங்க, டாஷ்போர்டுல ஒட்டுற கலர் மாறுற அட்டைய நம்பாதீங்க, கலர் மாறுறதப் பாக்குறதுக்கே தெளிவா இருக்கணும்.

ஸ்க்ரீன்ல வர்ற மழை படத்துக்கு மார்க் குறைக்குறேன். சிரஸ்னு இல்ல, இந்த மாதிரி சின்ன பிளேன் பலதுலயும் இதே கதை. பாக்க லைவ் மாதிரியே இருக்கும், பச்சை மஞ்சள் சிவப்புன்னு, நடுவுல ஒரு சந்து தெரியும், அதுல நுழைஞ்சுடலாம்னு கை துறுதுறுக்கும். படத்துல ஒரு நிமிஷம் பழசுன்னு போட்டிருந்தாலும் உள்ள இருக்குற டேட்டா 15, 20 நிமிஷம் வரைக்கும் பழசா இருக்கலாம்னு என்.டி.எஸ்.பி. 2012-லயே எச்சரிச்சிருக்கு. டெக்சஸ் ஏப்ரல் இடிமழைக்கு 20 நிமிஷம்னா அந்த சந்து அங்க இருக்காது. ஸ்காட் க்ராஸ்ஃபீல்டு தெரியுமா, 1953-ல உலகத்துலயே மொதல் ஆளா ஒலியோட ரெண்டு மடங்கு வேகத்துல போனவர், அவரே 2006 ஏப்ரல்ல தன்னோட செஸ்னா 210-ல தனியா போறப்போ ஜார்ஜியால இடிமழைக்குள்ள மாட்டி செத்தார், 84 வயசு. வழில புதுசா வெதர் கேக்கல, ஏடிசியும் சொல்லல, ரெண்டையும் ரிப்போர்ட்ல எழுதியிருக்காங்க. அவரோட அனுபவத்துல நூத்துல ஒரு பங்கு எனக்குக் கிடையாது.

லேண்டிங். இங்கதான் எஸ்.ஆர்.22 மேல எனக்கு நெசமான பயம். 172-ல 65 நாட்ல வரலாம், இதுல 80 கிட்ட வரணும், வேகம் குறைஞ்சா மன்னிக்காது, கூடினா ரன்வேல மிதந்துக்கிட்டே போகும். சரி வேண்டாம்னு மறுபடி மேல ஏற முழுசா பவர் குடுத்தா 310 குதிரையும் மூக்க இடது பக்கம் இழுக்கும், வலது கால் ரெடியா இருக்கணும். 2016 ஜூன் 9, ஹூஸ்டன் ஹாபி ஏர்போர்ட், இதோட தம்பி எஸ்.ஆர்.20, ஓட்டினவங்க ஒரு பெண், கூட குடும்பத்துல ரெண்டு பேர். பிசியான ஏர்போர்ட், பெரிய ஜெட்டுங்களுக்கு நடுவுல இவங்களத் திருப்பித் திருப்பி விட்டு, இறங்க முடியாம மறுபடி மேல ஏறுற கோ-அரவுண்ட் மேல கோ-அரவுண்ட், கடைசில வேகம் ஏறுறதுக்குள்ள ஃப்ளாப்ஸ (மெதுவா போறப்போ பிளேனத் தாங்குற, றெக்கையோட பின் மடிப்பு) எடுத்துட்டாங்க, ஸ்டால் ஆகி, அதாவது றெக்கை தாங்குற சக்திய இழந்து, கார் பார்க்கிங்ல விழுந்து மூணு பேரும் போயிட்டாங்க. அந்த உயரத்துல பாராசூட்டுக்கு நேரம் இல்ல. பைலட்டோட தப்புன்னு எழுதினாலும் ஏடிசி அவங்க மேல ஏத்தின வேலைப்பளுவையும் சேத்துதான் எழுதியிருக்காங்க. அந்த ரேடியோ பேச்சு முழுக்க வெளிய இருக்கு, நான் ஒரு தடவை கேட்டேன், அந்தம்மா கடைசி வரைக்கும் மரியாதையா பதில் சொல்லிட்டே இருந்தாங்க. முடியாதுன்னு சொல்ற உரிமை பைலட்டுக்கு இருக்கு, ஆனா ஒரு ஆளா உக்காந்து ஓட்டிக்கிட்டு, கேட்டுக்கிட்டு, பதில் சொல்லிக்கிட்டு இருக்குறப்போ அந்த "அனேபிள்"ங்குற வார்த்தை வாய்ல வராது. நான் வீட்ல கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பழகுறேன், பொண்ணு சிரிக்குறா.

வீட்டம்மாவுக்கு பட்டன், கைப்பிடி ரெண்டும் மனப்பாடம். நான் மயங்கினா மொதல்ல நீலம், அப்புறம் ரேடியோல கூப்டு, யாரும் கிடைக்கலன்னா சிவப்பு. 2025-ல வந்த ஜி7 பிளஸ் மாடல்ல ஒரு பட்டன அமுக்கினா பிளேன் தானே ஏர்போர்ட் தேடி இறங்கி நின்னுடுமாம், பாத்ததும் அவங்க கேட்டது "அது உங்க கிளப்புக்கு எப்போ வரும்?" நம்ம கிளப்புக்கு அது வர்றதுக்குள்ள பொண்ணு லைசென்ஸ் எடுத்துடுவா.

வாங்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு: லைசென்ஸ் எடுத்த கையோட வேண்டாம். 172-ல இன்னும் நூறு மணி நேரம் போடுங்க, மாசத்துக்கு ரெண்டு தடவையாவது பறக்க முடியும்னா மட்டும் வாங்க. 90 நாளைக்குள்ள மூணு லேண்டிங் போட்டிருந்தா ஆள் ஏத்தலாம்னு சட்டம் சொல்லும், இந்த பிளேனுக்கு அது பத்தாது. பாராசூட்ட 10 வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், 15,000 டாலருக்கு மேல ஆகும், பழசு வாங்குறவங்க அந்தத் தேதியப் பாத்துட்டு பேரம் பேசுங்க.

நான் இப்போ இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் படிச்சிட்டு இருக்கேன். வெளிய தெரியாத மாதிரி கண்ண மறைச்சு, ஸ்க்ரீன மட்டும் பாத்து ப்ராக்டிஸ் பண்றதுக்கு பக்கத்து சீட்ல லைசென்ஸ் இருக்குற இன்னொரு ஆள் உக்காரணும்னு சட்டமே இருக்கு. டல்லஸ், ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ பக்கம் அப்டி யாராவது நம்மாளுங்க இருந்தா சொல்லுங்க, சனிக்கிழமை காலைல, செலவு பாதி பாதி, இட்லி என் செலவு. அம்மாகிட்ட ஆள் கிடைச்சுட்டான்னு சொல்லிக்கலாம்.